புலுனி குடித்த தண்ணீர்

எங்கள் வீட்டுக் கிணற்றுக்கு மோட்டர் பூட்டக்கூடாது என்று என் மனிசன் உயிரோடு இருந்தவரை ஒற்றைக்காலில் நின்றார். எங்கள் தீவு ஊரான புளியங்கூடலில் கிணறு அப்படித்தான். மேலே நல்ல தண்ணீர் மெல்லிசாக நிற்கும், அடியில் உவர். வாளியால் அள்ளி, பிறகு ஊற விட்டால் காலம் முழுக்கக் குடிக்கலாம். அவசரப்பட்டு இறைத்தால் அடியில் கிடப்பது மேலே ஏறிவிடும்.

அவர் போன கையோடு மோட்டர் வந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குச் சனம் வரும், அம்மா அள்ளி முறியக்கூடாது என்று கனடாவிலிருந்து வந்த மகன் பூட்டினான். பாவம், அன்பில் செய்தவன். நான் அறைக்குள் சுருண்டு கிடந்தேன். வெளியே காலையிலிருந்து பொழுதுபடும்வரை இறைத்தார்கள். சமையலுக்கு, கால் கழுவ, பந்தலடியில் புழுதி அடங்க. எல்லாரும் கலைந்து, மகனும் பிளேன் ஏறிய பிறகு எனக்கென்று ஒரு தேத்தண்ணி போட்டேன். வாயில் வைக்க முடியவில்லை. உப்பு.

செத்தவீட்டில் வராத அழுகை அன்றைக்குக் கிணற்றுக்கட்டில் இருந்தபோது வந்தது. அந்த மனிசன் ஒவ்வொரு நாளும் அளந்து அள்ளிக் காப்பாற்றிய தண்ணீர். அவரோடு சேர்ந்து அதுவும் போய்விட்டதே என்று குழறி அழுதேன். கேட்க ஆளில்லை. பக்கத்து வளவு வீடுகளெல்லாம் பூட்டிக் கிடக்கின்றன.

மகன் ஃபோனில் பிடியாய்ப் பிடித்தான்.

"தண்ணியில்லாத வீட்டிலை தனிய இருந்து என்ன செய்யப் போறியள், அம்மா? பூட்டிப்போட்டு கொழும்புக்கு அக்காவோடை போய் இருங்கோ."

"தை பிறக்கட்டும் தம்பி. மாரி பெய்தும் கிணறு திரும்பாட்டி, நானே பூட்டிப்போட்டு வாறன்."

வாக்குக் கொடுத்துவிட்டேனே தவிர போக மனமில்லை. கொழும்பில் மகளின் வீடு மாடியில் இருக்கிறது. அங்கே எனக்குக் கட்டிலும் சாப்பாடும் கிடைக்கும். வேறென்ன கிடைக்கும்?

சோளகக் காற்று புழுதியை வாரி அடித்த மாதங்கள் அவை. தண்ணீர் கொண்டுவரும் பவுசர்காரரிடம் "ஓம்", வாளி நிறைந்ததும் "காணும்" என்று சொல்வதோடு என் பேச்சு முடிந்துவிடும். முருங்கைக்குக் கீழே ஒரு உடைந்த சட்டி கிடந்தது. குருவிகளுக்கு அவர் தண்ணீர் வைக்கிற சட்டி. ஒருநாள் அதில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினேன். புலுனிக் கூட்டம் வந்தது. ஓயாமல் சண்டை பிடித்தபடி கூட்டமாகத் திரியும் சாம்பல் குருவிகள். ஒன்று சொண்டை வைத்தது, தலையை உதறியது, சொண்டை மண்ணில் துடைத்தது. மற்றவையும் கிட்ட வரவில்லை. முருங்கையில் ஏறி என்னைப் பார்த்துக் கத்தின.

"எனக்கே இல்லை. உங்களுக்கு நல்ல தண்ணி கேக்குதோ?" என்று ஏசினேன். பிறகு மனம் கேட்கவில்லை. பவுசர் தண்ணீரில் ஒரு கோப்பை ஊற்றினேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் வந்தன. ஒன்று சற்று விலகிப் போனாலும் மற்றதெல்லாம் கத்தித் தேடும். சத்தியமாய்ச் சொல்கிறேன், அதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது. என்னைத் தேடிக் கத்த யார் இருக்கிறார்கள்? ஆனாலும் அவை வரப் பிந்தினால் எழும்பி எட்டிப் பார்ப்பேன்.

மாரி வந்தது. நல்ல மழை. கிணற்றில் தண்ணீர் ஏறியது. மோட்டரைச் சாக்கால் மூடிவைத்துவிட்டு, கூரைத் தண்ணீரைப் பிடித்துக் குடித்தேன். கிணற்றைத் தொடவேயில்லை. ஊறட்டும் என்றுதான் மகனுக்குச் சொன்னேன். உண்மையில் பயம்.

தை பிறந்தது. அவருக்கு வருசம் திரும்பாததால் பொங்கல் இல்லை. வெள்ளம் வற்றி, புலுனிகள் மறுபடி சட்டிக்கு வரத் தொடங்கியிருந்தன. அன்று காலை கிணறு கலங்காமல் மெதுவாக ஒரு வாளி அள்ளினேன். கையில் ஏந்தி வாயருகே கொண்டுபோனேன். துணிவு வரவில்லை. சட்டியில் ஊற்றிவிட்டு வந்து குசினி வாசலில் குந்தினேன்.

ஒரு புலுனி இறங்கியது. சொண்டை வைத்தது. தலையை நிமிர்த்தியது. மறுபடி குனிந்து குடித்தது. பிறகு பார்க்க வேண்டுமே, முழுக் கூட்டமும் இறங்கி இடிபட்டுக் குடித்தது. ஒன்று சட்டிக்குள்ளேயே இறங்கிச் சிறகடித்து எல்லாவற்றையும் கொட்டியது.

"நாசமறுப்பு! குடிக்க வைச்சால் குளிக்கிறியளோ?" என்று கத்தினேன். இவ்வளவு பெரிய குரல் எனக்குள் இன்னும் இருக்கிறதா என்று எனக்கே திடுக்கிட்டது. சிரித்துவிட்டேன். பிறகு எழுந்து போய் வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை அள்ளி நானும் குடித்தேன்.

பின்னேரம் மகன் ஃபோன் எடுத்தான். "அம்மா, எப்ப பூட்டுறியள்?"

"பூட்டேல்லை. மோட்டரைக் கழட்டப் போறன்."

"அப்ப தண்ணி பழையபடி வந்திட்டுதோ?"

பொய் சொல்ல மனம் வரவில்லை.

"இல்லையடா தம்பி. கொஞ்சம் உவர் கிடக்குத்தான். குடிக்கலாம்."