எழுபது பாகையில் மூடும் கண்

கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தை அளந்து, அது நல்ல வெளிச்சமா கூடாத வெளிச்சமா என்று பேப்பரில் எழுதிக் கையெழுத்து வைப்பதுதான் என் தொழில்.

சுண்டுவிரலை விடக் கொஞ்சம் பெரிய உலோகத் துண்டு ஒன்று இருக்கிறது. ஒப்டிகல் மொடியூல் என்போம். வங்கிகளிலும் தொலைபேசிக் கம்பனிகளிலும் உள்ள பெரிய நெட்வேர்க் பெட்டிகளில் அதைச் செருகுவார்கள். மின்சாரத்தை லேசர் வெளிச்சமாக்கி, தலைமயிர் தடிப்பில் இருக்கும் கண்ணாடி இழைக்குள் அனுப்பும். அந்தப் பக்கத்திலிருந்து வரும் வெளிச்சத்தைத் திரும்ப மின்சாரமாக்கும். செக்கனுக்கு ஆயிரம் கோடி துடிப்பு. அதில் ஒன்று பிழைத்தாலும் கண்டுபிடிக்க வேண்டியவன் நான். சண்டை திரும்பத் தொடங்கிய காலத்தில், கொழும்பு கொள்ளுப்பிட்டியில் ஒரு மாடிக் கந்தோரில் இருந்துகொண்டு இதைச் செய்தேன்.

நீங்களும் எதையாவது சோதித்துப் பார்க்கிற வேலையில் இருந்தால், அது பாலோ இரத்தமோ பரீட்சைத் தாளோ, என் பாடு உங்களுக்கு விளங்கும். நல்லது என்று சொன்னால் ஒருவரும் நன்றி சொல்லமாட்டார்கள். கூடாது என்று சொன்னால், அதைக் கெடுத்தவனே நீதான் என்ற மாதிரிப் பார்ப்பார்கள்.

மைனஸ் வெளிச்சம்

கோட்டையில் ஒரு வாடிக்கையாளரின் கட்டடத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். பையில் நாலு மொடியூல், அவற்றுக்கு மின்சாரம் கொடுக்க ஒரு சேர்க்கிட் பலகை, வெளிச்சத்தை அளக்கும் மீற்றர் ஒன்று. வழியில் சோதனைச் சாவடியில் நின்ற பொலிஸ்காரர் பையைத் திறந்தார். வயர், பலகை, உலோகத் துண்டு. அடையாள அட்டையைப் பார்த்தார், யாழ்ப்பாண விலாசம். இது என்ன என்று கேட்டார். நான் யோசிக்காமல் "லேசர்" என்றேன். அந்த ஒரு சொல்லுக்காக இரண்டரை மணித்தியாலம் பொலிஸ் நிலையத்து வாங்கில் உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் சார்ஜன்ட் ஒருவர் வந்தார். வயதானவர், கோபக்காரர் இல்லை. "சரி மல்லி, எரியவைத்துக் காட்டு" என்றார் சிங்களத்தில், தம்பி என்கிற மாதிரி. அவருடைய மேசையிலேயே பலகையைப் பொருத்தி, மொடியூலைச் செருகி, கரண்ட் கொடுத்தேன். ஒன்றும் தெரியவில்லை. "எரியுது சேர், இந்த வெளிச்சம் மனுசக் கண்ணுக்குத் தெரியாது" என்றேன். அது போதாதென்று மீற்றரையும் பூட்டிக் காட்டினேன். மைனஸ் இரண்டரை என்று விழுந்தது. எங்கள் கணக்கில் அது மிக நல்ல வெளிச்சம். ஒரு மில்லிவாட்டைப் பூச்சியமாக வைத்துத்தான் அளக்கிறோம், அதற்குக் கீழே போனால் மைனஸ் வரும் என்று விளக்கிக்கொண்டே போனேன். அவர் மீற்றரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு பையை என் பக்கம் தள்ளினார்.

"பார்க்கவும் ஏலாது, அளந்தால் இல்லாததை விடவும் குறைவு. இதைக் காவித் திரியிறதுக்கு உனக்குச் சம்பளமும் தாறாங்களா மல்லி?"

சந்தனமும் லேசரும்

வெள்ளவத்தையில் தமிழர் ஒருவர் நடத்திய கம்பனியிலிருந்து ஒரே மொடியூல் மூன்றாவது தடவையாகத் திரும்பி வந்தது. "வேலை செய்யுதில்லை" என்று ஒரு துண்டு. நாங்கள் துடைத்துச் சோதித்தால் அச்சொட்டாக வேலை செய்யும். அனுப்புவோம். சில கிழமையில் திரும்பி வரும். எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

என்னோடு வேலை செய்தவள் ஸ்டெல்லா, கொட்டாஞ்சேனைப் பிள்ளை. இழையின் நுனியை மைக்கிறஸ்கோப்பில் பார்ப்பதில் அவளை வெல்ல ஆள் இல்லை. மூன்றாம் முறை அவள் துடைக்கவில்லை. வந்தபடியே வைத்துப் பார்த்தாள். "குமரன் அண்ணா, இது தூசி இல்லை. ஏதோ மஞ்சளாப் பூசினமாதிரி இருக்கு" என்றாள். நானே நேரில் போனேன். கணினி அறையைத் திறந்ததும் சாம்பிராணி மணந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் பொட்டு, மொடியூல் வாயில் திருநீறு. மாதம் தவறாமல் முதல் வெள்ளி பூசையாம். பெடியள் மொடியூல்களைக் கழற்றி, தட்டில் அடுக்கி, சந்தனம் வைத்துத் திரும்பப் பூட்டுவார்களாம்.

முதலாளியிடம் அரைமணித்தியாலம் விளங்கப்படுத்தினேன். வெளிச்சம் வெளியே வருகிற வாசல் ஒரு தூசியின் அளவுதான், திருநீற்றில் ஒரு துகள் விழுந்தாலே அடைத்துவிடும் என்றேன். அவர் மிகவும் பணிவாகத் தலையாட்டிக் கேட்டார். எல்லாம் கேட்டு முடித்து, வாசல்வரை வந்து வழியனுப்பும்போது குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அப்ப தம்பி, திருநீற்றை விட்டிட்டு, சந்தனம் மட்டும் மெல்லிசா வைக்கலாமோ?"

அநாதைப் பார்சல்

வெளிநாட்டிலிருந்து வந்த எட்டு மொடியூலைக் கொண்டுவந்த கூரியர் ஆள், எங்கள் கட்டடத்தில் சாப்பாட்டு நேரம் ஒருவரும் இல்லையென்று, படிக்கட்டின் கீழே பார்சலை வைத்துவிட்டுப் போய்விட்டான். கீழ்மாடிக் காவலாளி கண்டார். மற்ற நாடுகளில் என்றால் எடுத்து மேலே கொண்டுவந்து தருவார். அந்தக் கிழமைதான் நகரத்தில் ஒரு பஸ்ஸில் குண்டு வெடித்திருந்தது. அவர் விசில் ஊதினார்.

பத்து நிமிடத்தில் முழுக் கட்டடமும் வீதியில். படையினர் வந்து கயிறு கட்டி மறித்தார்கள். நாற்பது மணித்தியாலமாக ஓடிக்கொண்டிருந்த ஒரு சோதனையை, முடிய எட்டு மணித்தியாலம் இருக்க, மின்சாரத்தை வெட்டி நிறுத்திவிட்டார்கள். அதற்கே நான் வீதியோரம் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் ஸ்டெல்லா என் கையைப் பிடித்து, "அண்ணா, அந்தப் பார்சலில எங்கட கம்பனிப் பேர் மாதிரிக் கிடக்கு" என்றாள். கத்திக்கொண்டு கயிற்றை நோக்கி ஓடினேன். தமிழில் கத்திவிட்டேன் என்பது, இரண்டு துவக்கு என் பக்கம் திரும்பிய பிறகுதான் விளங்கியது. ஸ்டெல்லா சிங்களத்தில் கெஞ்சி என்னைப் பின்னால் இழுத்தாள். அரைமணித்தியாலம் அவள் என் கையை விடவில்லை. அதற்குள் படையினர் தூரத்தில் நின்று தண்ணீரைப் பீய்ச்சியடித்துப் பார்சலை உடைத்ததில், எட்டு மொடியூலும் எட்டுத் திசையில் போயிருந்தன.

அந்த மொடியூல்களுக்காக மூன்று மாதமாகக் காத்திருந்த வாடிக்கையாளருக்கு நான்தான் தொலைபேசியில் சொல்ல வேண்டியிருந்தது. பார்சலை உடைத்தது, தண்ணீர் அடித்தது, நாங்கள் துண்டுகளைப் பொறுக்கியது எல்லாம் சொன்னேன். அந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வந்தது:

"அதெல்லாம் சரி, ஆக்கள் ஒருத்தருக்கும் ஒண்டுமில்லைத்தானே? அப்ப சொல்லுங்கோ, அந்த எட்டும் ரெஸ்ட்டில பாஸா, பெயிலா?"

பஸ்ஸில் ஒரு இழவு

எங்கள் தொழிலில் "கண்" என்று ஒன்று உண்டு. மொடியூல் அனுப்பும் துடிப்புகள் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் போட்டுப் பார்த்தால், நடுவில் திறந்த கண் மாதிரி ஒரு வெளி தெரியும். கண் நன்றாகத் திறந்திருந்தால் நல்ல மொடியூல். கண் மூடினால் ஒன்றையும் பூச்சியத்தையும் பிரித்தறிய முடியாது, சாமான் சரியில்லை. சூடு ஏற்றி ஏற்றிப் பார்ப்போம். எழுபது பாகை வரை தாங்க வேண்டும்.

ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்காகப் பதினாறு மொடியூல் வந்திருந்தன. ஸ்டெல்லாவைச் சூட்டுப் பெட்டிக்கு முன்னால் இருத்திவிட்டு, நான் கல்கிசையில் ஒரு வேலையை முடித்துக் காலி வீதி பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். கைத்தொலைபேசி அடித்தது, ஸ்டெல்லா. பஸ்ஸில் தமிழ் கதைத்தால் நாலு தலை திரும்பும் காலம். வாயைக் கையால் மூடிக்கொண்டு கதைத்தேன். "ஐம்பதில நல்லா இருந்ததோ? ... அறுபதிலயே சோர்ந்திட்டுதோ? ... என்ன, எழுபதில கண் முழுக்க மூடிட்டுதோ? துடிப்பு? ... அதுவும் போச்சோ? சரி, பெட்டியில போட்டு மூடி வை. நான் வாறன்."

பதினாறில் பதினொன்று இப்படித்தான். ஆஸ்பத்திரிக்காரரிடம் என்ன சொல்வது, மனேஜரிடம் என்ன சொல்வது என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தேன். பக்கத்து சீற்றில், மடியில் குடையோடு இருந்த அம்மா அதுவரை யன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தவர். என் பக்கம் சரிந்து, ஒருவருக்கும் கேளாத தமிழில் சொன்னார்:

"அழாதேங்கோ தம்பி. எழுபது வரைக்கும் இருந்து, பெட்டியில போறதெண்டால் இந்த நாளில அது குடுத்துவைச்ச சாவு."

கையெழுத்து

அந்தப் பதினொன்றையும் பாஸ் என்று எழுதச் சொன்னார் எங்கள் மனேஜர் விக்கிரம. கெட்ட மனிதர் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடம் இரண்டு கிழமையில் திறக்கவிருந்தது. ஸ்கான் படமும் இரத்தப் பரிசோதனை முடிவும் பழைய கட்டடத்துக்குப் போவது இந்த மொடியூல்கள் வழியாகத்தான். "அந்த அறையில் ஏசி இருக்கிறது, இருபத்திரண்டு பாகை. யார் அதை எழுபதுக்கு ஏற்றப் போகிறார்கள்?" என்றார். "கரண்ட் போனால் ஜெனரேற்றரில் மெசின் ஓடும், ஏசி ஓடாது சேர். பெட்டிக்குள் எழுபது வர நேரம் எடுக்காது" என்றேன். "சைன் பண்ணு" என்றார்.

இதில் இன்னொரு விஷயம் இருந்தது. நான் வெள்ளவத்தையில் ஒரு அறையில் வாடகைக்கு இருந்தேன். பொலிஸ் சுற்றிவளைப்பு வரும்போதெல்லாம், கொழும்பில் உனக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். அதற்கு நான் நீட்டும் ஒரே பதில் விக்கிரம சேர் எழுதித் தந்த கடிதம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்தக் கடிதம் அடுத்த கிழமை முடியவிருந்தது. அது இல்லாமல் பிடிபட்ட என் பக்கத்து அறைக்காரனை எங்கே வைத்திருந்தார்கள் என்று பதினெட்டு நாளாக ஒருவருக்கும் தெரியாது.

ரிப்போர்ட்டை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க இருந்தேன். எழுதிவிட்டுப் போனால் என்ன என்றும் நினைத்தேன். பொய் சொல்லவில்லை, நினைத்தேன். ஸ்டெல்லா வந்து, "நீங்க வைக்காட்டி என்னைத்தான் வைக்கச் சொல்லுவார். நானும் வைக்கமாட்டன். நான் இங்க கொழும்பில, கொட்டாஞ்சேனையில பிறந்தவள், என்னை எங்க அனுப்பப் போறாங்கள்?" என்றாள். பேனையை எடுத்து, பதினொன்றுக்கும் பெயில் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

அடுத்த நாள் ஆஸ்பத்திரி எஞ்சினியர் வந்து மேசையில் அடித்துக் கத்தினார். நல்லதொன்று, கூடாததொன்று, இரண்டையும் அவர் முன்னாலேயே சூட்டுப் பெட்டியில் போட்டேன். அறுபதைத் தாண்டியதும் ஒரு கண் சோர்ந்து மூடுவதை அவர் பார்த்தார். கத்தல் நின்றது. பதினொன்றையும் திருப்பி அனுப்பும்படி விக்கிரம சேருக்கு அவரே எழுதிக் கொடுத்தார். செய்த கம்பனி ஏழு கிழமை கழித்து வேறு அனுப்பியது. திறப்பு விழா பிந்தியது.

விக்கிரம சேர் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. கடிதம் முடிய ஒரு நாள் இருக்கும்போது, வேறு வழியில்லாமல் அவருடைய அறைக்குப் போய் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்க்காமல், மேசை லாச்சியிலிருந்து ஏற்கெனவே ரைப் பண்ணி வைத்திருந்த கடிதத்தை எடுத்தார். கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி, என் பக்கம் எறிந்தார்.

"நான் கேட்டால் நீ ஒன்றிலும் சைன் பண்ணமாட்டாய். உனக்கு மட்டும் நான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பண்ண வேண்டும். நல்ல நியாயம்!"

ஆக மொத்தம், அந்த வருடங்களில் நான் சோதித்த மொடியூல்களை விட என்னைச் சோதித்த ஆட்கள்தான் கூட, ஆனால் ரிப்போர்ட் எழுதும் வேலை மட்டும் கடைசிவரை என் தலையில்தான் இருந்தது.