மீனுக்கு மூன்று பெயர் எழுதிய கலாவதி டீச்சர்

திங்கட்கிழமை காலை, பிள்ளைகள் இறைவணக்கத்துக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது தகவல் வந்தது. செங்கல்பட்டு மருத்துவமனையில் கலாவதி டீச்சர் காலமாகிவிட்டார். உத்திரமேரூரை அடுத்த எங்கள் தொடக்கப் பள்ளியில் பதினோரு ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்து வகுப்பறைகளில் பாடம் நடத்தினோம். அவரை அறிந்த உங்களுக்கு அவர் திறமையை நான் விளக்க வேண்டியதில்லை. என் தவறு ஒன்றை அவர் திருத்திய கதையை மட்டும் சொல்கிறேன்.

ஏரிக்கரைக் குடியிருப்புப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். என் இரண்டாம் வகுப்பில் படித்த அம்முலு, ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்தாலே ஊமையாகிவிடுவாள். அவள் அம்மா மங்காவை அழைத்து, இனி வீட்டில் தெலுங்கே பேச வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். நல்லது செய்ததாகத்தான் நினைத்தேன். சில நாளில் அம்முலு பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிட்டாள்.

கலாவதி என்னையும் கூட்டிக்கொண்டு ஏரிக்கரையில் அவள் வீட்டுக்குப் போனார். நாற்று நட்ட சேறு காயாத காலோடு நின்றாள் மங்கா.

"இவளைக் கொஞ்சறதுக்கு எனக்கு வேற பாசை தெரியாது டீச்சர். ஒரு வாரமா வாய மூடிக்கினு கீறேன்."

என்னால் தலை நிமிர முடியவில்லை. கலாவதிதான் பேசினார்: "நீ பேசு மங்கா. வூட்டு பாசைய எடுத்துட்டா, இங்கிலீஷை எது மேல கொண்டாந்து வெக்கிறது?"

மறுநாள் அம்முலு பள்ளிக்கு வந்தாள். கலாவதி என் வகுப்புக்கு வந்து தரையில் உட்கார்ந்து சாக்பீஸால் ஒரு மீன் வரைந்தார். எனக்குத் தெலுங்கு தெரியாது, நீதான் சொல்லித்தர வேண்டும் என்று அம்முலுவிடம் கேட்டார். "சேப" என்றாள். இவர் தப்பாகச் சொல்ல, அவள் அதட்டித் திருத்தினாள். ஆங்கில வகுப்பில் அவள் குரலை நான் முதன்முதலாகக் கேட்டது அன்றுதான். சேப, மீன், ஃபிஷ் என்று மூன்றும் தரையில் ஏறின. தெலுங்கு எழுத்து தெரியாததால் 'சேப' என்பதைத் தமிழில்தான் எழுதினார்.

அந்த ஆண்டு முடிவில் ஆய்வுக்கு வந்த அதிகாரி முன் அம்முலு ஆங்கிலப் பக்கத்தைத் தடங்கலில்லாமல் வாசித்தாள். பொருள் கேட்டபோது முதலில் தெலுங்கில் சொன்னாள், பிறகு தமிழில். ஆங்கில வகுப்பில் தெலுங்கு எதற்கு என்றார் அவர்.

"மூணு பாசை வெச்சிக்கினு கீற பொண்ணு சார் இது. எனக்கே ரெண்டுதான் வரும்," என்றார் கலாவதி.

அதிகாரி இன்னொரு பக்கத்தைப் புரட்டி வாசிக்கச் சொன்னார். அதையும் வாசித்தாள்.

பிள்ளைகள் முன்னால் 'எனக்குத் தெரியாது' என்று சொல்லும் துணிச்சலைக் கலாவதியிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். நேற்று ஒன்றாம் வகுப்பில் ஒரு தெலுங்குச் சொல்லை மூன்று முறை தப்பாகச் சொன்னேன், வகுப்பே சிரித்தது. நான்காம் முறை சரியாக வந்ததும் கைதட்டினார்கள்.