அத்தான் ரொட்டி என்றால் ரொட்டிதான்

1. குனிகிற வேலை

சங்க மலருக்கு என் உதைபந்தாட்ட அனுபவத்தை எழுதித் தரும்படி கேட்டார்கள். பதினொரு வருடம் ஆடியதில் நான் பந்தைக் காலால் உதைத்ததே இல்லை. நான் ஆடியது அமெரிக்கன் ஃபுட்போல்: தலைக்கவசம், தோள்கவசம், முட்டை வடிவப் பந்து. இதை மலர்க்குழுத் தலைவரிடம் சொன்னேன். “பரவாயில்லை, பந்து இருக்குத்தானே” என்றார். ஆகவே எழுதுகிறேன். பெரியவர்கள் வழக்கம்போலப் படங்களை மட்டும் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பலாம்.

பகலில் நான் நோர்வேயில், ரொம்மன் என்ற இடத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் வக்த்மெஸ்தர், அதாவது கட்டடப் பராமரிப்பாளர். கதவு, குழாய், வாசலில் விழும் பனி எல்லாம் என் பொறுப்பு. முதல் நாள் பயிற்சியில் கோச் ஸ்தைனார் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஓடுவியா?”

“இல்லை.”

“பந்து பிடிப்பியா?”

“இல்லை.”

“அப்ப நீ சென்டர்.”

சென்டர் நடுவில் குனிந்து நின்று, பந்தைக் கால்களுக்கு இடையால் பின்னே நின்று அதை எறியும் குவாட்டர்பேக்கிடம் கொடுப்பவன். அப்படிக் கொடுப்பதுதான் ஸ்னாப். பதினொரு வருடப் படங்களையும் தேடிப் பார்த்தேன். ஒன்றிலும் என் முகம் இல்லை. மலர்க்குழு மன்னிக்கவேண்டும்.

2. லட்டு, ரொட்டி

குனிகிறவனுக்கு மூளை வேண்டாம் என்று நினைப்பவர்கள் உண்டு. என் மனைவி சுகந்தி அவர்களில் ஒருவர். உண்மையில் ஸ்னாப்புக்கு முன் கிடைக்கும் சில விநாடிகளுக்குள், எதிரணியில் யார் எங்கள் குவாட்டர்பேக்கை விழுத்த ஓடிவரப்போகிறான் என்று ஊகிக்கவேண்டியவன் சென்டர்தான். எதிரே நடுவில் நிற்பவனைக் கைகாட்டி, அவன் சட்டை இலக்கம் ஐம்பத்திநாலு என்றால் “ஐம்பத்திநாலு மைக்” என்று கத்துவேன். மைக் அவனுடைய பெயர் அல்ல, அந்த இடத்தில் நிற்பவனுக்கு ஆட்டத்தில் உள்ள பட்டம். அவனிலிருந்து எண்ணித்தான் எங்கள் முன்வரிசை ஐந்து பேரும் ஆளுக்கொருவனைப் பங்குபோட்டுக்கொள்வோம். அடுத்து, வரிசை எந்தப் பக்கம் சரிந்து மறிக்கவேண்டும் என்று சொல்வேன். இடப்பக்கம் என்றால் லட்டு, வலப்பக்கம் என்றால் ரொட்டி. சொற்கள் நான் வைத்தவை. ஆறரை அடி நோர்வேக்காரர் நான்கு பேர் “லட்டு, லட்டு” என்று உறுமிக்கொண்டு சரிவதைப் பார்த்து எதிரணி முதல் முறை சிரித்துவிட்டது.

குவாட்டர்பேக் அனோஜன், சுகந்தியின் தம்பி. அவனுக்கு இருபத்திமூன்று வயது, எனக்கு நாற்பத்தொன்று. எனக்குத் தெரிவது எதிரே நிற்பவனின் விரலும் பல்லும்தான். நிமிர்ந்து நிற்கும் அவனுக்கு மைதானம் முழுவதும் தெரியும். ஆகவே என் ஊகம் பிழையென்று பட்டால் “கில்” என்று கத்தி அதை மாற்றும் உரிமை அவனுக்கு உண்டு. கடைசிச் சொல் குவாட்டர்பேக்குடையது. இந்த விதியை வகுத்த அமெரிக்கருக்கு மனைவியின் தம்பி இருந்திருக்கமாட்டான்.

அனோஜன் மைதானத்திலும் என்னை அத்தான் என்றுதான் கூப்பிட்டான். அதை என் பெயர் என்று நினைத்து அணி முழுவதும் அத்தான் என்றது. ஸ்தைனார்கூட அத்தான் என்றார். அவ்வளவு மரியாதை கிடைத்தால் ஒரு மனிதன் கெட்டுத்தான் போவான்.

அனோஜன் அணியில் சேர்ந்த அன்று என் மாமி, அவனுடைய அம்மா, என்னைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, பிள்ளைக்கு ஒண்டும் நடக்காதோ?”

“நான் முன்னாலை நிக்கிறன், மாமி. அவனை ஒருத்தரும் தொடமாட்டினம்” என்றேன்.

3. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள்

ஞாயிறு மதியம் ஹொல்ம்லியாவில் மாமி வீட்டில் நண்டுக்குழம்பு. சட்டியில் இருப்பதிலேயே பெரிய நண்டுக்கால் முதலில் என் சாப்பாட்டுக் கோப்பைக்கு வரும். மூத்த மருமகன் என்றால் அப்படித்தான்.

ஒருநாள் பயிற்சியில் நான் லட்டு என்றேன். அனோஜன் “கில், கில், ரொட்டி” என்றான். அவன் சொன்னதே சரியாக வந்தது. ஸ்தைனார் எல்லோருக்கும் முன்னால் கைதட்டினார். நானும் தட்டினேன். அடுத்த ஞாயிறு எனக்குத் தலையிடி. அதற்கடுத்த ஞாயிறு பள்ளிக்கூடத்தில் குழாய் வெடித்துவிட்டது. குழாய் வெடிக்கவில்லை என்பதை இன்றுதான் எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாவது ஞாயிறு போனேன். நண்டுக்கால் வந்தது. அதற்குப் பிறகு அனோஜன் ஒருநாளும் கில் சொல்லவில்லை. பொடியன் திருந்திவிட்டான் என்று நினைத்து எனக்குள் சந்தோஷப்பட்டேன். “அவன் என்ரை சொல்லைத் தட்டமாட்டான்” என்று கண்டவர்களிடமெல்லாம் பெருமையும் அடித்தேன்.

4. திறந்து மூடிய வாய்

பருவத்தின் நடுவில் லில்லெஸ்ட்ரோம் பக்கத்து மைதானம் ஒன்றில் ஆட்டம். நான் ரொட்டி என்றேன். வரிசை வலப்பக்கம் சரிந்தது. இடப்பக்கத்தால் ஒருவன் வந்தான். அவனைத் தடுக்க அங்கே காற்றைத் தவிர வேறொன்றும் இல்லை. அனோஜனுக்கு இரண்டு விலா எலும்பில் வெடிப்பு.

வைத்தியசாலையில் மாமி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதபோதும் நான் சொன்னேன்: “இடப்பக்கத்து நோர்வேக்காரன் நித்திரை, மாமி.” அந்த நல்ல மனிதன் பக்கத்தில்தான் பூங்கொத்தோடு நின்றான். அவனுக்குத் தமிழ் தெரியாதது எனக்கு வசதியாகப் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை எல்லோரும் வீடியோ பார்த்தோம். ஸ்னாப்புக்குச் சற்று முன் ஸ்தைனார் படத்தை நிறுத்தினார். இடப்பக்கத்து எதிரணிக்காரன் மெல்ல முன்னே வருகிறான். நான் ஏற்கெனவே தலையைத் தாழ்த்திவிட்டேன். அனோஜன் அவனைப் பார்க்கிறான். வாயைத் திறக்கிறான். பிறகு மூடுகிறான்.

“நீ கண்டிருக்கிறாய். ஏன் மாற்றவில்லை?” என்று ஸ்தைனார் கேட்டார்.

அனோஜன் விலாவைப் பிடித்துக்கொண்டு நோர்வேஜிய மொழியில்தான் பதில் சொன்னான். “அத்தான் ரொட்டி என்றால் ரொட்டிதான்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நோர்வேக்காரர் இப்படிப்பட்ட நேரங்களில் தொண்டையைச் செருமிவிட்டுக் கோப்பி எடுக்கப் போவார்கள். அன்று அதற்கும் ஒருவரும் எழும்பவில்லை.

கார் நிறுத்துமிடத்தில் அவனைப் பிடித்தேன். “ஏனடா சொல்லேல்லை?”

“சொன்னா நீங்கள் பிறகு சாப்பிட வரமாட்டியள்” என்றான். “அந்த ரெண்டு கிழமையும் அம்மா உங்களுக்கு எடுத்துவைச்ச நண்டைத் திருப்பிச் சட்டியிலை போட்டுட்டு அழுதவ. ஆக்களுக்கு முன்னாலை அத்தானை எதிர்க்காதை எண்டு எனக்குச் சொன்னவ.”

வெட்கமாக இருந்தது. காரைத் திறக்கத் திறப்பு எந்தப் பையில் என்று தெரியாமல் வெகுநேரம் தேடினேன். அது கையில்தான் இருந்தது.

5. ஐம்பத்திநாலு

அவனுக்குச் சுகமான பிறகு ஒரு ஏற்பாடு செய்தோம். ஒவ்வொரு பயிற்சியிலும் குறைந்தது மூன்று தடவை அவன் என் சொல்லை மாற்றவேண்டும். நான் சொன்னது சரியாக இருந்தாலும் மாற்றவேண்டும். அவனுக்கு வாய் பழக, எனக்கு முகம் பழக.

பருவத்தின் கடைசி ஆட்டம், கடைசிக் கால்பகுதி. எதிரணியின் ஐம்பத்திநாலாம் இலக்கக்காரன் எங்கள் வலப்பக்கம் இருந்த காலில் பாரத்தைப் போட்டு நின்றான். எனக்குச் சந்தேகமே இல்லை. “ரொட்டி” என்றேன்.

“கில், கில், லட்டு” என்றான் அனோஜன்.

பிழை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் “லட்டு” என்று நானே திருப்பிக் கத்திப் பந்தைக் கொடுத்தேன். நான் நினைத்தபடியே ஐம்பத்திநாலு வலப்பக்கத்தால் புகுந்து அவனைப் புல்லோடு சேர்த்து அமத்தினான். ஓடிப்போய்ப் பார்த்தேன். பொடியன் தன் விலாவைத் தடவிப் பார்க்கவில்லை. கிடந்தபடியே என் முகத்தைத்தான் பார்த்தான். நாக்கு நுனியில் ஆறு வசனம் தயாராக நின்றது. அத்தனையும் உண்மை.

“எழும்பு. அடுத்ததையும் நீதான் பார்த்துச் சொல்லவேணும்” என்றேன்.

அடுத்த தடவையும் மாற்றினான். இந்த முறை அவன் சரி, நான் பிழை. பந்து முப்பது யார் தூரம் பறந்துபோய் எங்கள் ஆளின் கையில் சேர்ந்தது. ஆட்டத்தில் எப்படியும் மூன்று புள்ளியால் தோற்றோம்.

சென்டராக வரப்போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். மைக்கைக் கண்டுபிடிக்க ஒரு பருவத்தில் பழகலாம். பின்னால் நிற்பவன் உன்னை மாற்றினால், அவன் பிழையாகவே மாற்றினாலும், ஞாயிறு சாப்பாட்டுக்குப் போ.

நானும் அந்த ஞாயிறு போனேன். ஆட்டம் பார்க்க வந்திருந்த மாமி நண்டுக்காலைக் கரண்டியில் எடுத்தபடி கேட்டார்: “நேற்றுப் பிள்ளையை விழுத்தினது ஆற்றை பிழை?”

நான் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

“என்ரை பிழைதான், அம்மா. அத்தான் சரியாத்தான் சொன்னவர், நான்தான் மாத்தினனான்” என்றான் அனோஜன். நான் கோப்பையைச் சற்று முன்னே தள்ளினேன். அவன் ஒரு வாய் சோறு தின்றுவிட்டுத் தொடர்ந்தான். “ஆனா முந்தி உடைஞ்ச விலா ரெண்டும் அத்தான்ரை பிழை.”

மாமியின் கரண்டி என் கோப்பைக்கு மேலே நின்றது. பிறகு மேசைக்குக் குறுக்கே போய் அவனுடைய கோப்பையில் இறங்கியது.

“ஓம், மாமி” என்று சொல்லிவிட்டு, குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டேன்.