பதினெட்டு சதவீதமும் பத்தொன்பது படியும்

மகனும் மருமகளும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வாடகைக்கு வீடு பார்க்கிறார்கள் என்று மனைவி வந்து சொன்ன அன்றுதான் மாடி கட்டுவது என்று முடிவு செய்தேன். சுங்குவார்சத்திரத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டே அறைகள். அவர்கள் போய்விட்டால் சாப்பாட்டு மேசையில் நாலு நாற்காலியில் இரண்டு காலி. அது நடக்கக் கூடாது. மேலே இரண்டு அறை, கூடத்துக்குள்ளிருந்தே மாடிப்படி என்று நானே காகிதத்தில் வரைந்தேன். ஷிப்ட் முடிந்து யார் எப்போது வந்தாலும் என்னைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும். தொழிற்சாலை ஸ்டோர்ஸ் வாசலில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்து உள்ளே வருவதையும் வெளியே போவதையும் எண்ணியவனுக்கு இதுகூட வேண்டாமா?

சிமெண்டும் கம்பியும் நான் வாங்கித் தருவது, கூலி வேலை மட்டும் மேஸ்திரியுடையது என்று பேச்சு. அவர் ஒரகடத்தில் கம்பெனி ஷெட் வேலைகள் எடுப்பவர், ஜிஎஸ்டி பில் போடுபவர். எஸ்டிமேட்டில் கூலிக்குக் கீழே பதினெட்டு சதவீதம் வரி என்று இருந்தது.

"கூலிக்கு எதுக்குய்யா வரி?"

"புது வூடுன்னா கூலிக்கு வரி இல்ல சார். இருக்குற வூட்ட இழுத்துக் கட்டுனா உண்டுன்னு எங்க ஆடிட்டர் சொல்றாரு. நான் இன்னா பண்றது? சட்டம் நானா போட்டேன்?"

அரசாங்க அறிவிக்கையை அச்செடுத்து மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் மூன்று விதமாகப் புரிந்தது. அந்த ஆடிட்டரிடமே போனேன். கூடத்துக்குள் படி வைத்தால் வீட்டைப் பெரிதாக்குகிறீர்கள், வெளியே தனிப் படி, தனிக் கதவு, தனிச் சமையலறை, தனி மீட்டர் வைத்தால் அது இன்னொரு வீடு, புது வீடு என்றார். திரும்பி வந்ததும் ரப்பரால் உள்படியை அழித்தேன்.

மருமகள் திருநெல்வேலிப் பெண். வரைபடத்தை எட்டிப் பார்த்தாள்.

"தனி அடுப்படியா மாமா?"

"பேருக்குத்தான். சமையல் எல்லாம் கீழேதான்."

"சரி மாமா."

அவள் எதற்கும் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதில்லை. நான் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

மேஸ்திரி தன் ஃபைலுக்கு ஒரு கடிதம் கேட்டார். 'மேல்தளம் தனிக் குடியிருப்பு. கீழ் வீட்டுக்கும் அதற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை' என்று எழுதி, 'எவ்விதத்' என்பதற்கு அடிக்கோடும் போட்டுக் கையெழுத்திட்டேன். பதினெட்டு சதவீதம் போயிற்று.

வேலை முடிந்ததும், புது வீடு என்றால் பால் காய்ச்ச வேண்டும் என்றாள் மனைவி. மேலே புது அடுப்பில் காய்ச்சினார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்கு நான் நாலு தட்டு வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். எட்டே கால் ஆயிற்று. மேலே தோசை வார்க்கும் சத்தம் கேட்டது. செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்ப் படியேறினேன். பத்தொன்பது படி. நான் கட்டிய கதவில் நான் அழைப்பு மணி அடித்தேன்.

"வாங்க மாமா, உக்காருங்க" என்று மருமகள் ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினாள். விருந்தாளிக்குக் கொடுப்பது போல.

"கீழே இட்லி ஆறுது."

"இங்க தோசை வாத்துட்டேனே மாமா. நீங்கதான எழுதிக் குடுத்திய, கீழ்வீட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னு? மேஸ்திரி எனக்கும் ஒரு ஜெராக்ஸ் குடுத்தாவ. பிரேம் போட்டு மாட்டலாமான்னு பாக்கேன்."

மகன் சட்னியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. அவனுக்குப் பக்கத்தில், மூன்றாவது தோசையில் இருந்தாள் என் மனைவி.

"உக்காருங்க. வந்த எடத்துல நின்னுக்கினே பேசக்கூடாது" என்றாள்.

அன்றே கீழே வாசலில் நின்று மேஸ்திரிக்குப் போன் செய்தேன். கூடத்தின் கூரையை உடைத்து உள்ளே ஒரு படி வைக்க முடியுமா என்று கேட்டேன்.

"தாராளமா வெக்கலாம் சார். ஆனா அது இருக்குற வூட்ட மாத்துற வேல. பதினெட்டு பர்சன்ட் வந்துடும்."

போனை வைக்கும்போது மேலே கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி மருமகள் கூப்பிட்டாள். "மாமா, காப்பி ஆறுது! மழ வாரதுக்குள்ள ஏறி வாங்க, படி வழுக்கும்."

ஏறினேன். பதினோராவது படியில் மூச்சு வாங்கியது. காப்பி குடித்து இறங்கியதும், கீழே வைத்திருந்த நாலு தட்டில் யாரும் தொடாத மூன்றைக் கழுவாமலே அலமாரியில் வைத்துவிட்டேன். மேஸ்திரியை மறுபடி அழைத்து, படிக்கு ஒரு கைப்பிடிக் கம்பி போட்டுவிடுங்கள் என்றேன். அதற்கு வரி உண்டா என்று கேட்கவில்லை.