மாமா கோபத்தை விட்ட குளிர்காலம்

மாமாவின் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள், அது முடியும்வரை அவர் நம்மோடு இருப்பார் என்று அம்மா சொன்னபோது எனக்கு எட்டு வயது. புனேயில் வாகடில் இருந்த அந்த வீட்டில் மொத்தமே இரண்டு அறைகள். தீபாவளிக்குப் பிறகு தொடங்கிய வெள்ளையடிப்பு பொங்கல் கழிந்தும் முடிந்தபாடில்லை. புனே பெயிண்டர்கள் சரியான சோம்பேறிகள் என்று நினைத்துக்கொண்டேன். அத்தையும் அவர்கள் குழந்தை பாப்பாவும் மட்டும் ஏன் நிக்டியில் எங்கள் வீட்டுக்கு வராமல் கோயம்புத்தூருக்குப் போனார்கள் என்று கேட்டால், பெயிண்ட் வாசனை பாப்பாவுக்கு ஒத்துக்கொள்ளாது என்றார்கள். பெரியவர்கள் பொய் சொன்னால் காரணம் இப்படித்தான் கச்சிதமாக இருக்கும்.

மாமா என் அம்மாவுக்குத் தம்பி. ஹிஞ்சவடியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அவருடைய கோபம் எங்கள் சொந்தத்தில் பிரசித்தம். ரசத்தில் உப்பு கூடிவிட்டது என்று அவர் தட்டை எறிந்ததை நானே பார்த்திருக்கிறேன். பாப்பா வீறிட்டு அழுதாள். அத்தை ஈரத்துணி எடுத்துவந்து சுவரைத் துடைத்தார். துடைத்து முடிக்கும் முன்பே மாமாவின் கோபம் போய்விட்டது, ஆனால் அத்தை அன்று சாப்பிடவில்லை.

எங்கள் வீட்டுக்கு வந்த மாமா வேறு ஆள். கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தத்துவம் கேட்டார். கிரேக்கத்தில் தொடங்கி ரோமாபுரியில் செழித்த தத்துவமாம். அதைச் சொன்னவர்களில் ஒருவர் அடிமையாக இருந்தவர், இன்னொருவர் பேரரசர். அடிமையும் அரசரும் ஒரே விஷயத்தைச் சொன்னதுதான் மாமாவுக்குப் பெரிய ஆச்சரியம். உலகத்தில் நம் வசத்தில் இருப்பவை கொஞ்சம், இல்லாதவை ஏராளம், இல்லாதவற்றுக்காக மனதை அலட்டிக்கொள்ளக் கூடாது என்று சப்பாத்தியைப் பிய்த்தபடி அப்பாவுக்கு விளக்குவார். ஆகுர்டி தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்துவிட்டு வந்திருக்கும் அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்க சூப்பர்வைசரு இதுல எந்தப் பக்கம் வருவான் மாப்ளே?" என்பார்.

அந்த வருடம் குளிர் பல்லைக் கிட்டிப்போட வைத்தது. மாமா வெந்நீர்க் கெய்சரைத் தொடவில்லை. காலையில் பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு உதடு நீலமாக வெளியே வருவார். உடம்பைப் பழக்கினால் மனம் பழகுமாம். அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்த ஊரு ராஜாவுக்குக் கெய்சரு இல்ல, ஊத்திக்கிட்டாரு. உனக்கென்னடா தம்பி கேடு?"

"இல்லக்கா, அங்க வெந்நீர்ல குளிக்கறதுக்குன்னே பெரிய பெரிய மண்டபம் கட்டி வெச்சிருந்தாங்க."

"அப்புறம் உனக்கென்ன கேடு?" என்று அம்மா மறுபடியும் கேட்டார். முன்பென்றால் மாமா கதவை அறைந்து சாத்தியிருப்பார். இப்போது தலையைத் துவட்டிக்கொண்டு சிரித்தார். அன்று ராத்திரியே அம்மா கோயம்புத்தூருக்குப் போன் போட்டு, "நான் சொன்னா நம்பு, அவன் மாறிட்டான்" என்று அத்தையிடம் சொன்னதைக் கேட்டேன். அதன் பிறகு அநேகமாக தினமும் அந்தப் போன் நடந்தது.

குளித்துவிட்டு மாமா பால்கனியில் கண்ணை மூடி உட்கார்வார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். நமக்கு ரொம்பப் பிடித்தது நம்மிடம் இல்லாமல் போய்விட்டதாக நினைத்துப் பார்க்க வேண்டும், தினமும் நினைத்துப் பழகினால் நிஜமாகவே போகும்போது மனம் உடையாது என்றார். எனக்குப் பிடித்துவிட்டது. முதலில் என் பென்சில் டப்பாவை வைத்துச் செய்து பார்த்தேன். சுலபமாக இருந்தது. அடுத்து எதிர்வீட்டு மராத்திக்காரக் காக்கு வளர்த்த பூனை. அதுவும் பரவாயில்லை. தைரியம் வந்து பாப்பாவை நினைத்தேன்.

பாப்பாவுக்கு அப்போது ஒன்றரை வயது. என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள், வேறு யார் கை நீட்டினாலும் வேண்டாம் என்பாள். அவள் இனி இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டு நினைத்ததும் டக்கென்று கண்ணைத் திறந்து என் சுண்டுவிரலைப் பார்த்தேன். ஓவென்று அழுதுவிட்டேன். அம்மா ஓடிவந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடம் போக வேண்டாம் என்றார். தத்துவம் எனக்கு லாயக்கில்லை என்று அன்றே விட்டுவிட்டேன். ஆனால் ஏக்கம் போகவில்லை. பாப்பா என்றைக்கு வருவாள், வெள்ளையடிப்பு என்றைக்கு முடியும் என்று அம்மாவை நச்சரித்துக்கொண்டே இருந்தேன். ஒரு சொட்டுக் கண்ணீர்கூட இல்லாமல் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கும் மாமா எனக்குப் பெரிய வீரராகத் தெரிந்தார்.

குளிர் விலகத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தார். கூட அவருடைய அப்பாவும் பாப்பாவும். பிம்ப்ரியில் சொந்தக்காரர் வீட்டில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் வந்தார்கள். அம்மா விடியும் முன்பே எழுந்து பருப்புப் பூரணம் வைத்து ஒப்புட்டு சுட ஆரம்பித்திருந்தார். மாமா சவரம் செய்து, அத்தை முன்பு எடுத்துக்கொடுத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஹாலுக்கும் பால்கனிக்கும் நடந்தார். இன்று பேசி முடிந்துவிட்டால் எல்லோரும் ஒன்றாக வாகடுக்குப் போகலாம் என்று அம்மா என் காதில் சொன்னார். பாப்பா முதலில் என்னை அடையாளம் தெரியாமல் விழித்தாள். கொஞ்ச நேரத்தில் தானாகவே வந்து சுண்டுவிரலைப் பிடித்தாள். அந்த நிமிடம் எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

பெரியவர்கள் மழையைப் பற்றியும் ரயிலைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தபோது, பாப்பா என் கையை விட்டுவிட்டு ஓடி டீப்பாயைப் பிடித்து நின்றாள். மாமாவின் காபி டம்ளர் சாய்ந்து அவர் மடியில் கொட்டியது. சூடான காபி. அத்தை பாப்பாவை இழுத்துக்கொள்ளப் பாதி எழுந்துவிட்டார். மாமா தன் சட்டை நுனியால் பாப்பாவின் கையைத் துடைத்து, "சுட்டுருச்சா சாமி?" என்று கேட்டார். அத்தை அப்படியே உட்கார்ந்து மாமாவைப் பார்த்தார். அவர் முகம் இளகியதை வாசலோரம் நின்ற நானே பார்த்தேன். அம்மா ஒப்புட்டுத் தட்டோடு உள்ளே வந்து, ஜெயித்த களையோடு எல்லோருக்கும் பரிமாறினார்.

அத்தையின் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "மாப்பிள்ள, நடந்தது நடந்துபோச்சு. உங்க மனசுல என்ன இருக்குதுன்னு நீங்களே சொல்லிப்போடுங்க. புள்ளைய விட்டுட்டுப் போகட்டுங்களா?"

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். நன்றாகப் படித்துவிட்டுப் பரீட்சைக்கு வந்த பையனுடைய தெளிவு அவர் குரலில் இருந்தது.

"வந்தா சந்தோஷமுங்க மாமா. வரலீன்னாலும் நான் நல்லா இருப்பேனுங்க. நான் முன்ன மாதிரி இல்லீங்க, மனசப் பழக்கிட்டேன்."

அத்தை அவரையே பார்த்தார். "என்னன்னு பழக்குனீங்க?"

"தெனமும் காத்தால உக்காந்து, நீயும் பாப்பாவும் இனி இல்லைன்னு நெனச்சுப் பார்ப்பேன். மொதல்ல தாங்க முடியல. இப்பெல்லாம் அழுகையே வர்றதில்ல."

தான் எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்பதை அவர் அத்தைக்குக் காட்டிக்கொண்டிருந்தார். இனி தட்டு பறக்காது, கதவு அறைபடாது, என்னை நம்பி வரலாம் என்பதற்கு அவரிடம் இருந்த ஒரே அத்தாட்சி அதுதான். இது எனக்கு இப்போது தெரிகிறது. அத்தைக்கு அன்று எப்படித் தெரியும்?

"அப்ப எங்க ரெண்டு பேரையும் முடிச்சே போட்டீங்க" என்றார் அத்தை. சத்தம் போடவில்லை. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். அவருடைய அப்பா செருப்பைத் தேடினார். அம்மா பதறிப்போய், "டேய், எந்திரிச்சுப் போடா, கூப்புடுடா அவள" என்று மாமாவின் தோளைப் பிடித்து உலுக்கினார். மாமா இரண்டு கைகளையும் கோத்து மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். போகிறவரைத் தடுப்பது அவர் வசத்தில் இல்லாத பட்டியலில் இருந்திருக்க வேண்டும். இவ்வளவு பெரிய சோதனையிலும் மாமா கலங்கவில்லையே என்று எனக்குப் பெருமை தாளவில்லை. வாசலிலிருந்து அவருக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

அத்தை அதற்குப் பிறகு வரவே இல்லை. பாப்பா இப்போது கோயம்புத்தூரில் உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். போனில் அவள் படம் வந்தால் நான் முதலில் அவள் கைகளைத்தான் பார்க்கிறேன். அந்தக் கைகளுக்கு என்னை ஞாபகம் இருக்க வழியில்லை, தெரிந்தும் ஏங்குகிறேன்.

அத்தை திரும்பிப் போன அன்று சாயங்காலம் மாமா என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய்ப் பூங்காவுக்கு வெளியே, பாவுக்குள் உருளைக்கிழங்கு மசாலா வைத்த தாபேலி வாங்கிக் கொடுத்தார். அவர் சாப்பிடவில்லை. ஏதாவது பேசுவாரே என்று நானே அந்தப் பேரரசரைப் பற்றிக் கேட்டேன். அவருக்கு நிறையக் குழந்தைகள் பிறந்து, அதில் பல சின்ன வயதிலேயே செத்துப்போயின என்றார் மாமா. தொலைதூரத்தில் சண்டைக்குப் போன இடத்தில், கூடாரத்தில் உட்கார்ந்து தனக்குத் தானே எழுதிக்கொள்வாராம். கலங்காமல் இருக்க வேண்டும் என்பதைத்தான் எழுதுவாராம், வேறு வேறு விதமாக, திரும்பத் திரும்ப.

"எதுக்கு மாமா ஒண்ணையே எழுதணும்? தப்பு விட்டவங்களத்தான் எங்க மராத்தி டீச்சர் அப்படி எழுதச் சொல்லுவாங்க. ராஜாவுக்கு அந்தப் பாடம் வரவே இல்லியா?"

மாமா என்னைப் பார்த்தார். "வரல போல கண்ணு" என்றார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

அவ்வளவு பெரிய ராஜா ஒரு பாடத்தில் பெயிலாகிக்கொண்டே இருந்தார் என்பது எனக்குத் தாங்க முடியாத வேடிக்கையாக இருந்தது. பின்னால் உட்கார்ந்து மாமாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். அவர் வயிறு என் கைகளுக்குள் குலுங்கிக்கொண்டே வந்தது. நான் சொன்னதற்கு வீடு வரைக்கும் சிரிக்கிறாரே என்று நானும் சிரித்துக்கொண்டே வந்தேன்.