மீன்சுருட்டிக்குப் போன சம்மன்

அப்பாவைச் சம்மதிக்க வைத்ததோடு கஷ்டமெல்லாம் முடிந்தது என்று நினைத்துத்தான் அரியலூர் கோர்ட்டில் விவாகரத்து வழக்குப் போட்டேன். எண்பதுகளின் தொடக்கம் அது. என் கணவர் துபாயில் இருந்தார். போன முதல் வருடம் கடிதம் வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. அங்கேயே ஒருத்தியோடு குடும்பம் நடத்துகிறார் என்று, லீவில் வந்த லப்பைக்குடிக்காட்டுக்காரர் ஒருவர் சொன்னார். "நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்கம்மா" என்று கூடவே கும்பிடு வேறு. இந்த லட்சணத்தில் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல யார் வருவார்கள்?

துபாயில் அவருக்கு விலாசம் என்று இருந்தது ஒரு தபால்பெட்டி எண், அதுவும் கம்பெனியுடையது. அதற்குப் போன சம்மன் கசங்கித் திரும்பி வந்தது. "கடைசியா இருந்த வூட்டுக்கு அனுப்புவோம். அங்கயும் ஆள் கிடைக்க மாட்டார்னு ஆயிட்டா, கதவுல ஒட்டிட்டு கேஸை நடத்திடலாம்" என்றார் வக்கீல்.

கடைசியாக இருந்தது மீன்சுருட்டிப் பக்கம், மாமியார் வீட்டில். சம்மன் கொண்டுபோகும் அமீனா அங்கே போய்க் கேட்டால், "அடுத்த மாசம் வந்துடுவான்" என்பாள் அத்தை. அந்த மனுஷன் அதை அப்படியே எழுதிக்கொண்டு வருவார். வரப்போகிறவருக்காகக் கோர்ட்டு வாய்தா போடும். ஆடிக்கு வருவான், ஆவணிக்கு வருவான், தீபாவளிக்கு வருவான். ஒவ்வொரு வாய்தாவுக்கும் நான் பெரம்பலூரில் பஸ் ஏறி, நின்றுகொண்டே வந்து, கோர்ட்டுச் சேவகர் டவாலி வராந்தாவில் நின்று என் கணவர் பெயரை மூன்று தடவை கூவுவதைக் கேட்டுவிட்டுத் திரும்புவேன். துபாய்க்கே கேட்க வேண்டும் என்பதுபோலக் கூவுவார். எனக்கு எரிச்சலில் தலை வெடிக்கும்.

என்னைக் கட்டிக்கொள்ள ஒருவர் காத்திருந்தார். மனைவியை இழந்தவர், பெரம்பலூரில் சைக்கிள் கடை வைத்திருந்தார். அவர் வீட்டில் வேறு பெண் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். "தை முடியற வரைக்கும்தான் என்னால சமாளிக்க முடியும்" என்று சொல்லிவிட்டார். எனக்கும் அவரை விட்டுவிட மனமில்லை.

தீபாவளி கழித்து அமீனா கிளம்பியபோது நானும் கூடவே போனேன். சண்டை போடத்தான் போனேன்.

அத்தை வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். என்னை "வாம்மா" என்றவள், பின்னால் வந்தவரைப் பார்த்ததும் பழைய பல்லவியை எடுத்தாள்.

"பொங்கலுக்கு வந்துடுவான் சார்."

"கடுதாசி வந்துச்சா அத்தை?"

"வராம எங்க போவான்?"

"உங்களுக்கும் எழுதல, எனக்கும் எழுதல. வருவான் வருவான்னு நீங்க சொல்ற வரைக்கும் நான் அந்த ஆளுக்குப் பொண்டாட்டியா நிக்கணும். என்னை வுட்டுடுங்க அத்தை!"

நான் கத்தின கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள். அத்தை ஏன் அப்படிச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கடல் தாண்டிப் போன பிள்ளையை, வரமாட்டான் என்று பெற்றவள் வாயால் சொல்லக் கூடாது, சொன்னால் பலித்துவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. தெரிந்துதான் கேட்டேன். அன்றைக்கு எனக்கு வேறு வழி இல்லை.

அத்தை முறத்தைக் கீழே வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"எழுதிக்குங்க சார். அவன் வரமாட்டான்."

அமீனா எழுதினார். கதவில் ஒட்டலாம் என்று பார்த்தால் பசை கொண்டுவரவில்லை. பையைக் கவிழ்த்துத் தேடிவிட்டு என் முகத்தைப் பார்த்து முழித்தார். இத்தனை மாதம் நடையாய் நடந்தது, இதிலா நிற்க வேண்டும்? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

அத்தை உள்ளே போய் ஒரு கை சோறு கொண்டுவந்தாள். பருக்கைகளை நசுக்கி, தாளின் பின்னால் தானே தடவிக் கொடுத்தாள். தை முடிவதற்குள் எனக்குத் தீர்ப்பு வாங்கிக் கொடுத்தது அந்தத் தாள்தான்.

அமீனா ஒட்டிவிட்டுத் தெருவில் இறங்கினார். நானும் செருப்பை மாட்டினேன்.

"மிச்சச் சோறு இருக்கு. சாப்பிட்டுட்டுப் போ" என்றாள் அத்தை.

செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போய் உட்கார்ந்தேன்.