அத்தையின் நாலு மணிப் பாட்டு

எனக்குப் பிறவியிலேயே சந்தேக புத்தி. டப்பாவில் இரண்டு முறுக்கு குறைந்தால், யார் சட்டையில் தூள் ஒட்டியிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும். அம்மா இந்தக் குணத்தைத் திட்டுவாள். வேண்டும்போது பயன்படுத்தியும் கொள்வாள். இஸ்ரேலில் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலையிலிருந்த அத்தை, நான் ஐந்தாம் வகுப்பு முடித்த மே மாதம் சேலத்துக்கு வந்தபோதும் அப்படித்தான் ஆயிற்று.

அத்தைக்கு மேட்டூரில் மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு வெளிநாடு போகக் கூடாது என்று மாப்பிள்ளை வீட்டில் சொன்னார்கள். அப்பா தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தலையாட்டிவிட்டு வந்தார். அத்தையும் எதிர்த்துப் பேசவில்லை. எதற்கும் பதில் வைத்திருக்கும் அத்தை வாயை மூடிக்கொண்டது எனக்குச் சரியாகப் படவில்லை.

தினமும் நாலு மணிக்கு அவள் செல்போனோடு மொட்டைமாடிக்குப் போனாள். "யாருகிட்டப் பேசறாங்கன்னு பாத்துட்டு வா சாமி" என்று அம்மா என்னை அனுப்பினாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பதுங்கினேன். போனில் முதலில் ஓர் ஆண் குரல். பிறகு அத்தை மெதுவாகப் பாடினாள், ஒரே பாட்டை மூன்று தடவை. இஸ்ரேல்காரர்களின் ஹீப்ரு மொழி, ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் மெட்டு தெரிந்ததுதான். மாதா கோயில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கும் அப்பா, ஞாயிறு மதியம் போடும் ஆங்கிலக் கேசட்டில் அதே பாட்டு இருந்தது. கடல் தாண்டிப் போன காதலிக்காகக் காத்திருப்பவன் பாடுவது. அம்மாவிடம் நான் மூச்சு விடவில்லை. சொன்னால் கண்டுபிடித்த பெருமை அவளுக்குப் போய்விடும்.

நாலாம் நாள் அத்தை என்னைக் கையும் களவுமாகப் பிடித்தாள். திட்டவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, அந்தப் பாட்டையே ஒலிக்கவிட்டு, இயர்போனின் ஒரு முனையை என் காதில் வைத்தாள்.

"உங்கப்பா போடற பாட்டாட்டவே இருக்குதில்ல?"

"ஆமாங்கத்தை."

"அதைப் பாத்துத்தான் இதைப் பண்ணுனாங்க. யாருகிட்டயும் சொல்லிப்போடாத."

அதற்குள் கோயிலில் இரண்டு ஞாயிறு ஓலை வாசித்தாயிற்று. எங்கள் வழக்கப்படி கல்யாணச் செய்தியை மூன்று ஞாயிறு பூசையில் அறிவிக்க வேண்டும். மூன்றாவதுக்கு முந்தின நாள் எனக்குத் தலை பின்னிக்கொண்டே அத்தை சொன்னாள்: "நாளைக்கு ஓலை வாசிக்கறப்பத் தூங்கிப்போடாத. கடைசி வரைக்கும் கேளு, சாமி."

கேட்டேன். இத்திருமணத்துக்குத் தடை இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று முடிந்தது. அறிந்தவள் நான் ஒருத்திதானே! மறைத்தால் பாவம். பூசை முடிந்ததும் நேரே ஃபாதரிடம் போனேன்.

"எங்கத்தைக்கு அங்க ஒருத்தர் இருக்காருங்க ஃபாதர்."

சாட்சிக்கு ஆங்கிலப் பாட்டைப் பாடி, ஹீப்ரு பாட்டை முனகியும் காட்டினேன். அவர் சிரிக்காமல் கேட்டார். அத்தையை வரச்சொல்லி, உண்மையா என்றார். அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

சாயங்காலத்துக்குள் மேட்டூருக்குச் செய்தி போய்ச் சம்பந்தம் நின்றுவிட்டது. அப்பா அந்தக் கேசட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். நான் சாப்பிடாமல் அழுதேன்.

அத்தை திரும்பிப் போகப் பெட்டி அடுக்கிய அன்று மன்னிப்புக் கேட்டேன். அவள் என்னைப் பெட்டிமேலேயே உட்காரவைத்தாள். அத்தை பார்த்துக்கொள்ளும் அந்த வயதான அம்மாவுக்குப் பெற்ற மகனைக்கூட மறந்துவிட்டதாம். ஹீப்ருப் பாட்டுக்கு ஆங்கிலத்திலிருந்து எடுத்தது மெட்டை மட்டும்தானாம், சொல்லெல்லாம் வேறாம். அதில் ஒரு தாய், விளையாடும் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிறாள். மகன் போனை அந்தம்மா காதில் வைக்க, அத்தை பாடினால்தான் சாப்பிட வாய் திறக்கும். எங்கள் நாலு மணி, அங்கே மதியச் சாப்பாட்டு நேரம். போனில் நான் கேட்ட ஆண் குரல் அந்த மகனுடையதாம்; அவருக்கே பேரன் பேத்தி இருக்கிறார்களாம்.

"அப்பறம் ஏனுங்கத்தை ஃபாதர் கேக்கறப்ப இதைச் சொல்லலீங்க?" என்று பதறினேன். "நான் இப்பவே ஓடிப்போய்ச் சொல்லிட்டு வாரேன்!"

அத்தை எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். பிறகு பெட்டியின் அடியிலிருந்து ஒரு பெரிய சாக்லேட்டை எடுத்து என் கையில் வைத்து, கன்னத்தில் முத்தம் கொடுத்தாள்.

முழுவதையும் நானே தின்றேன். கல்யாணத்தைக் கெடுத்தவளுக்கு எதற்குச் சாக்லேட் என்று அன்றைக்கு மட்டும் எனக்குச் சந்தேகம் வரவில்லை.